முன்சக்கரத்தின் முறையீடு

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் மோட்டார் வண்டியின் முன்சக்கரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் வியத்தல் கூடும். இயற்பியல் வகுப்பினர் தம் எல்லைக்குள் அயலார் புகுந்தனரெனச் சினத்தலும் கூடும். யாம் எழுதப் புகுந்தது ஓசையைப் பற்றி. ஓசையைப் பற்றிப் பேச இலக்கண மாணவர்க்கு உரிமை உண்டு என்பதே அவர்கட்கு எம் விடை. அவ்வுரிமையை யாம் எத்துணைத் தவறாகப் பயன்படுத்தினோம் என்பது போகப் போகத் தெரியவரும்.

திட்டக்குடி எம் அன்னையார் பிறந்த ஊர். கடலூர் மாவட்டத்தின் மேலைக் கோடியில் வெள்ளாற்றங்கரையில் அமைந்தது. மேற்கே சென்றால் தொழுதூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையைக் கூடலாம். கிழக்கே சென்றால் பெண்ணாடம், அதனைக் கடந்தால் விருத்தாசலம். ஆற்றுப் பாய்ச்சலும் வெலிங்டன் ஏரிப் பாய்ச்சலும் உள்ள நிலங்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. வானம் பார்த்த மேட்டு நிலங்களில் மக்காச்சோளம் விளைகின்றது. இச்சோளத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் அது கதையினுள் வரும்.

எம் மாமா அவ்வூரில் மளிகைக் கடை வைத்திருக்கின்றார். அவரிடம் ஒரு கார் உண்டு. பிறரொருவர் ஐந்தாண்டு ஓட்டிய பின் வாங்கி, மாமா ஏழாண்டு ஓட்டியது. உடையவர் மாமாவாயினும் அதனை ஆள்வோர் தெருவினர் அனைவருமே. நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலி கண்ட பெண்ணை மருத்துவமனை சேர்க்கவும், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையைப் பெண்ணாடத்தில் இரயிலேற்றவும், வெளியூர்ச் சாவுக்குப் போகவும் அவ்வண்டியே. பெட்ரோல் காசுக்கு மேல் மாமா எவரிடமும் வாங்கியதை யாம் கண்டதில்லை. அக்காசையும் பலர் மறந்துவிடுவர்.

பாட்டியார்க்கு இவ்வண்டியின்மேல் மதிப்புக் குறைவு. அவர் மதித்தது எம் பாட்டனாரின் மாட்டுவண்டியை. குடத்தில் மை வற்றிவிட்டால் அதன் 'கிறீச்' என்னும் கூவல் ஊர் எல்லையிலேயே கேட்குமாம். "அவன் வருகிறான், உலையை வை" என்பாராம் பாட்டியாரின் மாமியார். விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்த மையை மூங்கிற் குழாயில் இட்டு வண்டியின் அடியில் தொங்கவிட்டுச் செல்வது அக்கால வழக்கம். வண்டியின் அடியில் காப்புப் பொருள் ஒன்றைக் கட்டிச் செல்லுதல் நம் நாட்டில் மிகப் பழைய செயல். மேடு பள்ளங்களை அஞ்சிய உப்பு வணிகர் மற்றோர் அச்சையும் உடன் கொண்டு சென்றதை ஒளவையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் உவமையாக ஆண்டு, அதியமான் மகன் பொகுட்டெழினியை அவ்வச்சிற்கு ஒப்பிடுகின்றார். எம் மாமாவின் வண்டியில் மிகையாக இருந்தது ஒரு சக்கரம் மட்டுமே. மோட்டார் அறிவு மிகையாக இல்லை. அக்குறையை நிறைக்கவே யாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அங்குச் சென்று சேர்ந்தோம்.

மார்கழி மாதம். இரவெல்லாம் பனி, இடையிடையே தூறல். ஒருநாட் காலையில் மாமா வண்டியை எடுத்துப் பிரேக்கை மிதித்ததும் முன்சக்கரங்களினின்று 'சர்ர்' என்று, கல்லில் அரிவாள் தீட்டினாற் போன்ற ஓசை எழுந்தது. மாமா அஞ்சினார். யாம் அஞ்சவில்லை, என்னை? விடுதியில் எம் அறைத்தோழர் மோட்டார்ப் பித்தர். அவர் இரவு பதினொரு மணிக்கு மேல் எம்மை உறங்கவிடாமல் உரைத்தவற்றுள் இதுவும் ஒன்று. இக்காலக் கார்களின் முன்சக்கரத்தோடு ஒரு வட்டமான வார்ப்பிரும்புத் தகடு சுழல்கின்றது. அதனை டிஸ்க் என்பர். பிரேக்கை மிதித்தால் அத்தகட்டின் இருபுறத்தும் உள்ள பட்டைகள் இரண்டும், இடுக்கி கொண்டு பிடித்தாற் போல, அதனை இறுகப் பற்றுகின்றன. பட்டையைப் பட்டறைக்காரர் பேடு என்பர். இடுக்கியைக் காலிப்பர் என்பர். வார்ப்பிரும்பில் ஓரிரவு ஈரம் பட்டாலும் மெல்லிய துருப்படலம் படியும். முதல் இரண்டு மூன்று மிதியில் அது தேய்ந்து நீங்கும், ஓசையும் நீங்கும். இதனையெல்லாம் விரித்துரைத்து, "தெருமுனை சேருமுன் நின்றுவிடும், மாமா" என்றோம். நின்றது. மாமா எம்மைத் திரும்பி நோக்கினார். தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று மூன்றாண்டுகளாக வினவிவந்தவர் அங்ஙனம் எம்மை நோக்கியது அதுவே முதல் முறை.

நான்கு நாள் கழிந்தது. சாலை போடுவதற்காகச் சல்லி கொட்டியிருந்த ஓரிடத்தைக் கடந்த பின் வலப்புறச் சக்கரம் இடைவிடாது கத்தத் தொடங்கிற்று. டிஸ்க்கிற்கும் அதன் பின்னுள்ள மெல்லிய தகரக் காப்பிற்கும் இடையே சிறு கல் சிக்குவது உண்டென்பதும் தோழர் சொன்னதே. வண்டியைச் சிறிது பின்னோக்கிச் செலுத்தி மீண்டும் முன்னோக்கிச் செலுத்தச் சொன்னோம். கல் ஒன்று 'டிங்' எனத் தெறித்து விழுந்தது, கத்தல் ஓய்ந்தது. அன்று மாலை மூன்று வீட்டார் தம் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எம்மிடம் கருத்துக் கேட்க வந்தனர். ஓர் அம்மையார் தையல் இயந்திரத்தைக் கொணர்ந்தார்.

மூன்றாவது ஓசை, விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கையில் வந்தது. இடப்புற முன்சக்கரத்தினின்று, மெல்லியதாய், ஊசிபோற் கூரியதாய், கொசு காதருகே இசைப்பது போல எழுந்தது. பிரேக்கில் கால் வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் மீளும். யாம் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டோம். பின்னர் இங்ஙனம் வாதித்தோம்: குறை பிரேக்கினதாயின் பிரேக்கை மிதிக்கும்போதன்றோ ஓசை எழல் வேண்டும்? மிதித்தால் அடங்கும் ஓசை பிரேக்கினது ஆகாது. ஆதலின் இதுவும் தூசியோ கல்லோ ஆகும்; தானே போய்விடும். தருக்கம் பயின்றோரும் இவ்வாதத்தில் குற்றம் காணுதல் அரிது என்று அன்று எண்ணினோம். மாமா மட்டும், "பட்டறையில் ஒருமுறை காட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். "வீண் செலவு" என்றோம்.

கல்லூரி திறந்தது. யாம் நச்சினார்க்கினியரோடும் சேனாவரையரோடும் மூன்று வாரம் கழித்தோம். அம்மூன்று வாரத்தில் அவ்வண்டி எங்கெங்குச் சென்றது என்பதைப் பின்னர் மாமாவிடம் கேட்டு அறிந்தோம். எதிர்வீட்டுப் பெண்ணை நிறைமாதத்தில் விருத்தாசலம் கொண்டு சென்று, பத்து நாட் குழந்தையோடு திருப்பிக் கொணர்ந்தது. பொங்கற் சரக்காக வெல்லமும் மஞ்சளும் முந்திரியும் கூரை தொட ஏற்றி இருமுறை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நால்வரை விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துச் சென்றது. ஒருநாள் இரவு மழையில், நெடுஞ்சாலையில், லாரிகளின் இடையே தொழுதூர் வரை போய் மீண்டது. இவற்றை மாமா விரல்விட்டு எண்ணிச் சொல்லியபோது எம்மால் அவர் முகத்தை நோக்க இயலவில்லை. ஆனால் அது பின்னர் நிகழ்ந்தது.

பொங்கலுக்கு யாம் மீண்டும் சென்றபோது அம்மெல்லிய ஓசை இல்லை. "நீ சொன்னபடி தானே போய்விட்டது" என்று மாமா மகிழ்ந்து கூறினார். அதன் இடத்தில், பிரேக்கை அழுத்தும்போது மட்டும், உறக்கத்தில் ஒருவர் பல்லைக் கடிப்பது போல 'நறநற' என்னும் ஒலி வந்திருந்தது. எமக்கு உள்ளூர ஓர் ஐயம் எழுந்தது உண்மை. பண்டிகையாதலின் பட்டறைகள் திறவாதிருந்தன. திறந்ததும் பார்க்கலாம் என்றோம். அதற்குள், பண்டிகை கழிந்த மறுநாள், பாட்டியாரை விருத்தாசலத்தில் கண் மருத்துவரிடம் காட்டும் முறை வந்துவிட்டது.

திரும்பும்போது பெண்ணாடத்திற்கு இப்பால் மாமா வண்டியை எம்மிடம் தந்தார். யாம் ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. தை மாதத்தில் அப்பக்கத்துச் சாலைகளில் செல்வோர் அறிவர்: சாலையின் ஒரு பாதி அறுவடைக் களமாகிவிடும். மக்காச்சோள மணிகளைப் பொன் விரித்தாற் போலப் பரப்பி, வண்டிகள் ஏறாமற் சுற்றிலும் கல் வரிசை வைத்து உலர்த்துவர். சாலையிற் காயவைப்பது தவறென்று கூறுதல் எளிது. கல்பாவிய களமில்லாதவர் வேறெங்கே காயவைப்பது என்று கூறுதல் எளிதன்று. ஒரு வளைவிற்கு அப்பால் வலப்பாதி முழுவதும் சோளம். முதிய பெண் ஒருவர் எமக்கு முதுகு காட்டி நின்று, நீண்ட கழியின் நுனியில் பலகை தைத்த துழாவியால் மணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பேருந்து. அதன் பாதியில் சோளம் கிடந்தமையால் அது எம் பாதியில் வந்துகொண்டிருந்தது.

யாம் பிரேக்கை வலிந்து மிதித்தோம். இடச்சக்கரம் நறநறவென்று அரைத்தது; மிதிகட்டை காலின்கீழ் நடுங்கிற்று; வண்டி நிற்பதற்கு மாறாக வலப்புறம் திரும்பிற்று. திருப்பு சக்கரத்தை இடப்புறம் ஒடித்தும் பயனில்லை. கல் வரிசை உருண்டது. மணிகள்மேல் ஏறிய சக்கரம் உருளாமல் வழுக்கியது. யாதோ ஒன்று முறிந்த ஓசை கேட்டது. வண்டி நின்றபோது அம்மூதாட்டியார் எம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அந்தக் கணத்தின் நீளத்தை அளக்கும் மாத்திரை இலக்கணத்தில் இல்லை.

அவர் வண்டியின் பக்கவாட்டில் நின்றிருந்தார். முறிந்தது துழாவியின் கழி. அதன் பலகை முன்சக்கரத்தின் கீழ்க் கிடந்தது. கழியின் மேற்பாதி அவர் கையிலேயே இருந்தது. பேருந்து எம்மைக் கடந்து சென்று நின்றது. நடத்துநர் இறங்கி வந்து கூறியவற்றை இம்மலரில் எழுத இயலாது. மூதாட்டியார் எம்மையும் கழியையும் மாறி மாறி நோக்கி, "கண் தெரியவில்லையா?" என்று கேட்டார். எமக்கு வாய் திறக்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து எம் பாட்டியார், "எனக்குத்தான் அம்மா தெரியவில்லை. அதற்குத்தான் போய்வருகிறோம்" என்றார். அதன்பின் அவ்விருவரும் பேசிய பேச்சில் ஊர், உறவு, கண்புரை யாவும் வந்தன. மாமாவும் யாமும் அரைமணி நேரம் முழந்தாளிட்டுச் சிதறிய சோளத்தைக் கூட்டி அள்ளினோம். எம் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தமையால் அள்ளியதிற் பாதி சிந்தியது. கழிக்கு விலையாக மாமா நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை.

பாட்டியாரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, மாமா முதற் கியரில், கைப்பிரேக்கைப் பிடித்தபடியே, எருமை நடையாக வண்டியைத் திட்டக்குடிப் பட்டறைக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முதலிற் கிடைத்தது வசை. "ஓட்டி வந்தீர்களா? நிறுத்திவிட்டு ஒரு போன் செய்தால் நான் வரமாட்டேனா?" என்றார் மெக்கானிக். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அம்பாசிடர் கார்களிற் கைப்பழகியவர். அவ்வண்டியின் தயாரிப்பு 2014-இல் நின்றுபோயிற்று. அவர் தொழில் கற்ற நாளில் அவர் கைக்கு வந்தவற்றிற் பலவற்றுக்கு முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்கே. மூடிய குடத்தினுள் பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கழற்றாமற் காண வழியில்லை. ஆகவே செவியே அவர்க்கு முதற் கருவி.

அவர் வண்டியைத் தொடவில்லை. எம்மை நோக்கி, "தம்பி, அந்தச் சத்தத்தை வாயால் சொல்" என்றார். பட்டறைப் பிள்ளைகள் இருவர் வேலையை விட்டு எம் வாயைப் பார்த்தனர். யாம் நாணத்தோடு, "நறநற" என்றோம். "எப்போது?" "மிதிக்கும்போது." "காலை எடுத்தால்?" "இல்லை." "திருப்பும்போது?" "மாற்றமில்லை." "மேடு பள்ளத்தில்?" "இல்லை." "எந்தப் பக்கம் இழுத்தது?" "வலப்பக்கம்." "அப்படியானால் இடப்பக்கம்" என்றார். எமக்கு விளங்கவில்லை. வலப்பக்கப் பிரேக் நன்றாகப் பிடித்தது, இடப்பக்கம் பிடிக்கவில்லை, ஆதலால் வண்டி நன்றாகப் பிடித்த பக்கம் சாய்ந்தது என்று விளக்கினார். வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே உரியது; அவற்றுள் ஒன்று தவறினால் வேறு விளைவு இராது.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில், உந்தியினின்று எழும் ஒரே காற்று, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களாலும் வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கும் முறையை வகுத்துள்ளார். அதனை யாம் பரீட்சைக்காக மும்முறை படித்துள்ளோம். ஆயின் ஓசையைக் கேட்டதும் அது பிறக்கும் இடம் யாது, எந்த முயற்சியால் பிறக்கின்றது என வினவும் ஒருவரை அப்பட்டறையிலேதான் முதன்முதற் கண்டோம். மாமா தேநீர் வருவித்தார். யாம் கேட்கக் கேட்க மெக்கானிக் ஓசைகளைத் தாமே வாயால் ஒலித்துக் காட்டினார்.

மாவரைக்கும் ஆலை தொலைவில் ஓடுவது போல 'ஊம்' என்று தொடங்கி, வேகம் கூடக் கூடத் தானும் கூடி, பிரேக்கை மிதித்தாலும் மாறாதிருப்பது பேரிங்கின் ஓசை. ஓடும்போது வண்டியை மெல்ல இடப்புறம் வளைத்தால் பாரம் வலச்சக்கரத்தில் ஏறும். அப்போது ஊம்காரம் மிகுந்தால் குறை வலப் பேரிங்கில் உள்ளது. தேய்ந்த டயரும் ஏறக்குறைய அதே சுருதியிற் பாடும். தார்ச்சாலையினின்று வழுவழுப்பான சிமெண்டுச் சாலைக்கு ஏறியதும் சுருதி மாறினால் அது டயர் என்று அறியலாம். திருப்பு சக்கரத்தை முழுதும் ஒடித்து வளைக்கும்போது 'டக் டக் டக்' என்பது அச்சின் வெளி மூட்டு. அதன் இரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்திருக்கும். சக்கரத்தின் உட்புறத்தைத் தடவினால் கையில் கிரீஸ் ஒட்டும். பள்ளத்தில் மெல்ல இறங்கும்போது 'லொடக்' என்றால் லிங்க் ராடு, புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவற்றுள் ஒன்று. 'கடக்... கடக்' என்று சக்கரம் சுற்றுந்தோறும் ஒருமுறை வந்தால்? இங்கே அவர் விளையாட்டை விட்டு எம்மை உற்று நோக்கினார். "அது சக்கர நட்டு தளர்ந்ததாக இருக்கலாம். அதற்குமேல் ஓர் அடியும் ஓட்டாதே" என்றார்.

பிரேக்கிற்கும் பல குரல் உண்டு. பட்டை டிஸ்க்கைப் பற்றுவதும் நழுவுவதுமாக ஒரு விநாடியில் ஆயிரம் முறைக்கு மேல் அதிர்ந்தால் 'கிறீச்' என்னும் கூச்சல் பிறக்கும். வயலின் நரம்பின்மேல் வில் செய்வதும் அதுவே. இக்கூச்சல் எப்போதும் கேடு குறிப்பதன்று. தூசியாலும் வரும், மிகுந்த வெப்பத்தாற் பட்டையின் முகம் பளிங்குபோல் ஆனாலும் வரும். எமக்கு இவ்வளவு சொற்களும் முன்பே தெரிந்தவை. ஒலிக்குறிப்புச் சொற்களையும் இரட்டைக்கிளவியையும் பற்றிப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கின்றோம். 'நறநற' என்பதற்கும் 'சரசர' என்பதற்கும் இடையே ஒரு மூதாட்டியின் உயிர் இருக்கக்கூடும் என்பது வினாத்தாளில் வந்ததில்லை.

பின்னரே ஜாக்கி வைத்து முன்பக்கத்தை உயர்த்தினார். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தார். இருபக்கமும் பற்றி அசைத்தார். ஆட்டமில்லை. ஒரு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்து மறுகையாற் சக்கரத்தைச் சுழற்றினார். பேரிங் கெட்டிருப்பின் வில்லில் வைத்த கைக்கு அந்தச் சொரசொரப்புத் தெரியுமாம். தெரியவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். வெளியே தெரிந்த பட்டை பாதிக்கு மேல் இருந்தது. எமக்குச் சிறிது உயிர் வந்தது. அவர் ஒன்றும் கூறாமற் காலிப்பரை அவிழ்த்து உட்பட்டையை எடுத்து எம் உள்ளங்கையில் வைத்தார். அதிற் பட்டையே இல்லை. பட்டை ஒட்டியிருந்த இரும்புத் தகடு மட்டும், நீலம் பாரித்து, இருந்தது. டிஸ்க்கின் உள்முகம் ஏர் உழுத சால்போல் வரிவரியாகக் கிழிந்திருந்தது. காலிப்பர் நழுவியோடும் முளையின் இரப்பர் உறை கிழிந்து, நீர் புகுந்து, துரு ஏறி, முளை இறுகிப்போயிருந்தது. அது நகராமையால், கால் எடுத்த பின்னும் உட்பட்டை டிஸ்க்கை விடாமல் உராய்ந்துகொண்டே இருந்திருக்கின்றது. வெளியே நின்று சக்கர ஓட்டைவழி நோக்குவார்க்கு நல்ல பட்டையே தெரியும்.

பெட்டியினின்று புதிய பட்டை ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் நீண்டிருந்த சிறு எஃகுத் துண்டைக் காட்டினார். "இது நாக்கு" என்றார். புதிய பட்டையின் கனம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அது தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவிற்கு வரும்போது அந்நாக்கு சுழலும் டிஸ்க்கைத் தொட்டு இசைக்கும். பிரேக்கை மிதித்தால் பட்டை இறுகப் பிடிபடுவதால் நாக்கின் அதிர்வு அடங்கும், விட்டால் மீளும். ஓட்டுபவர்க்குக் கேட்கட்டும் என்றே அங்ஙனம் செய்து வைத்திருக்கின்றனர். எம் தருக்கம் முழுவதும் அவ்விடத்தில் உடைந்து விழுந்தது. மிதித்தால் அடங்கிய அவ்வோசை பிரேக்கினதேதான். மூன்று வாரத்தில் அந்நாக்கும் தேய்ந்து ஒடிந்து போயிருந்தது.

"இந்த மெல்லிய சத்தம் முன்பே வந்திருக்குமே. ஒன்றுமில்லை என்று சொன்னது யார்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"நான்தான்" என்றார் மாமா, தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே.

அன்று யாம் கேட்ட ஓசைகளில் எம்மை மிகவும் வருத்தியது அச்சொல்லே. இல்லை, யாமே என்று உரைத்தோம். மெக்கானிக் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வேறொன்றும் கேளாமல், விருத்தாசலத்திற்குப் போன் செய்து டிஸ்க் வரவழைக்க ஏற்பாடு செய்தார்.

கல்லூரிக்கு மீண்ட பின் நூலகத்தில் இப்பொருள் பற்றித் தேடினோம். அங்கேயும் ஆறுதல் சிறிதே கிடைத்தது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்த்தா பென்சு என்னும் அம்மையார், தம் கணவர் செய்த மோட்டார் வண்டியை அவரறியாமல் எடுத்துக்கொண்டு, மக்கள் இருவரோடு மன்ஹைம் நகரினின்று போர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். மோட்டாரில் நெடுவழி சென்ற முதற் பயணம் அதுவே. அதிலேயே பிரேக்குக் கட்டை தேய்ந்துவிட்டது. அவர் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு கட்டைமேல் தோல் தைக்கச் செய்தார். இன்றைய பட்டைக்கு அத்தோலே முன்னோடி. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-இல் டிஸ்க் பிரேக்கிற்கு உரிமை பெற்றார். அவர் வைத்தவை செம்புப் பட்டைகள். அவை எழுப்பிய கூச்சல் பொறுக்கவொண்ணாதது. ஆக, பிரேக்கும் ஓசையும் உடன்பிறந்தவை. யாம் மட்டுமே ஏமாந்தவர் அல்லேம் என்று கருதலாம். பெர்த்தா அம்மையாரோ ஏமாறவில்லை, நிறுத்திப் பார்த்தார்.

மறுநாள் இரு முன்சக்கரங்களுக்கும் புதிய டிஸ்க்கும் பட்டையும் இட்டனர். கெட்டது ஒன்றாயினும் இரண்டையும் ஒருங்கே மாற்றாவிடின் மீண்டும் ஒரு பக்கம் இழுக்கும். இறுகிய முளையை நீக்கிப் புதிய முளையும் உறையும் இட்டு, அதற்கென உள்ள கிரீஸைத் தடவினர். காப்பிக் கஷாயம் போற் கறுத்திருந்த பிரேக் ஆயிலையும் மாற்றினர். அது காற்றினின்று ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது, ஈரம் மிகுந்தால் வெப்பத்தில் கொதித்து மிதியைப் பொய்யாக்கும். தொழுதூர்ச் சாலையில் ஆளில்லாத நேரத்தில், மிதமான வேகத்தினின்று மெல்ல மெல்லப் பலமுறை நிறுத்தி, புதிய பட்டையைப் புதிய டிஸ்க்கோடு பழக்கினோம். மெக்கானிக் ஓட்டினார். யாம் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தோம்.

செலவு எவ்வளவு என்று மாமா எமக்குச் சொல்லவில்லை. அன்றிரவு திண்ணையில், "உன்னை நம்பியதால் மட்டும் விட்டுவிட்டேன் என்று எண்ணாதே. பொங்கற் சரக்கு எடுக்கும் நேரம். வண்டியைப் பட்டறையில் விட எனக்கும் மனமில்லை. ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இருந்தேன்" என்றார். மறுநாட் காலை தச்சரிடம் சொல்லிப் புதிய துழாவி ஒன்று செய்வித்து, வண்டியின் மேற்கூரையிற் கட்டிக்கொண்டு அம்மூதாட்டியாரிடம் சென்றார். யாமும் சென்றோம். அவர் அதனை வாங்கி, தரையில் இருமுறை இழுத்துப் பார்த்து, பழையதே இலகுவாக இருந்தது என்றார். ஒரு மரக்கால் சோளத்தையும் எம் மடியிற் கட்டிவிட்டார்.

சென்ற வாரம் மாமா விடுதிக்குப் போன் செய்தார். வண்டியில் மீண்டும் ஓர் ஓசையாம். நலம் விசாரித்தலும் இன்றி, "வாயால் சொல்லுங்கள்" என்றோம். "உருளும் ஓசை, 'லொட லொட' என்கிறது. வளைவில் மட்டும். இடப்புறம் திரும்பினால் வலப்புறம் கேட்கும். வலப்புறம் திரும்பினால் இடப்புறம் கேட்கும்." எம் அறைத்தோழர் அருகிருந்து மூன்று காரணங்களை விரல்விட்டுக் காட்டினார். யாம் ஒன்றும் கூறாமற் பட்டறைக்குச் செல்லுமாறு வேண்டினோம். "போய்விட்டுத்தான் பேசுகிறேன்" என்று மாமா நகைத்தார். பொங்கலுக்குப் பின் வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த பாட்டியாரின் கண்ணாடிக் கூடு, பின்னிருக்கையின் அடியில் அகப்பட்டதாம்.